மொறிஸ் மைனரும் மூல உருவமும்

பழம்பொருளை அது பிறந்த கோலத்திலேயே வைத்துக் காப்பதா, காலத்துக்கேற்பத் திருத்திப் பயன்கொள்வதா என்னும் வினா கோயில்களுக்கும் ஓவியங்களுக்கும் மட்டும் உரியதன்று. மோட்டார் வண்டிகளைக் குறித்தும் அவ்வினா உலகெங்கும் எழுந்துள்ளது. இலங்கையில் அதற்குத் தக்க உதாரணமாக நிற்பது மொறிஸ் மைனர் என்னும் சிறிய ஆங்கிலேயக் கார்.

இவ்வண்டியை வகுத்தமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர். 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் கண்காட்சியொன்றில் அது முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதற்குச் சிறிது காலத்துக்கு முன், மாதிரி வண்டியின் அகலம் போதாதென்று கண்ட இசிகோனிஸ், அதனை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். முன்மூடியின் நடுவே தட்டையாகக் கிடக்கும் பட்டி அந்த நான்கு அங்குலத்தின் சான்றேயாகும். வண்டிக்கென எண்ணியிருந்த புதிய இயந்திரமும் கைகூடவில்லை. 918 கன சென்ரிமீற்றர் அளவுள்ள பழைய வகை இயந்திரமே பொருத்தப்பெற்றது.

மாற்றங்கள் அத்துடன் நின்றனவல்ல. 1952இல் ஒஸ்டின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்தபின் ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இவ்வண்டியிற் புகுந்தது. அவ்வளவு 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. இரு துண்டாயிருந்த முன்கண்ணாடி 1956இல் ஒரே வளைகண்ணாடியாயிற்று. கதவுத் தூணிலிருந்து வெளியே நீண்டு திரும்பும் திசையைக் காட்டிய சிறு கை 1961இல் மறைந்து, மின்னும் விளக்கு வந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவானபின், 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி ஓய்ந்தது. எனவே மூல உருவம் என்று ஒருவர் சொல்லும்போது, எந்த ஆண்டின் உருவம் என்ற கேள்வி உடனெழுகிறது.

இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு தோன்றியது. கார் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள வண்டியை ஓடவைப்பதன்றி மக்களுக்கு வேறு வழி அரிதாயிருந்தது. கிடைக்காத உறுப்பைக் கம்மியர் கையாற் செய்தனர். அல்லது வேறொரு வண்டியின் உறுப்பை இணக்கிப் பொருத்தினர். மூல உருவம் மாறியது உண்மை. ஆயினும் அம்மாற்றமே பல வண்டிகளைப் பழைய இரும்புக் குவியலினின்றும் மீட்டது.

கடலோர ஊர்களில் இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. கொட்டியாரக் குடாவை அடுத்த கிண்ணியாவை எடுத்துக்கொள்ளலாம். 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படுமுன், திருகோணமலைக்குச் செல்லும் வண்டிகள் துறையில் நின்று மிதவையேறியே நீரைக் கடந்தன. இத்தகைய ஊரில் உப்புக்காற்று ஓயாமல் இரும்பைத் தின்னும். மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டகம் இல்லை. தகட்டுடலே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஆதலால் அடித்தகடு துருவேறினால் அழகு மட்டுமன்று, வண்டியின் பலமே குன்றும். பழைய தகட்டை மாற்றாதே என்று அங்கே சொல்வது, வண்டியையே கைவிடு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இக்கருத்தைக் கொள்கையாகவே வகுத்தவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர். காரை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதிலும், தொடர்ந்து திருத்தி நெடுங்காலம் ஆளுவதே சிக்கனம் என்று 1982இல் நூலெழுதினார். டிஸ்க் பிறேக், ஐந்து கியர்ப் பெட்டி முதலியவற்றைப் பழைய மைனரிற் சேர்ப்பதை அவர் குறையாகக் கருதவில்லை. 1991இல் அவர் பங்குகொண்ட நிறுவனமொன்று இலங்கையிலேயே மைனரின் உறுப்புகளைச் செய்யத் தொடங்கியது. பிரித்தானியாவில் பிறந்த வண்டிக்கு இலங்கைக் கைவினைஞர் உறுப்பு வழங்கலாயினர்.

எதிர்க் கட்சியினர் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 1966இல் நிறுவப்பெற்றது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்டதாய், வரலாற்றுக்கு இயைந்த நிலையிற் பேணப்பெற்றதாய், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாய் இருப்பதே வரலாற்று வண்டி என்பது அதன் இலக்கணம். எல்லா வண்டிகளும் திருத்தப்பட்டால், அக்காலத்தார் எவ்வாறு செய்தனர், எவ்வாறு ஓட்டினர் என்பதற்குச் சான்று எஞ்சாது என்பது அவர்தம் வாதம். ஆனால் இலங்கையில் மைனரைக் காத்தது அன்றாடப் போக்குவரத்தே. அந்த இலக்கணத்தை அப்படியே ஏற்றால், பிழைப்புக்காக ஓடிய வண்டிகளின் வரலாறு ஏட்டில் இடம்பெறாமற் போகும்.

இரண்டுக்கும் இடையில் ஒரு நெறி உண்டு. சிதையாது எஞ்சிய வண்டியில் மாற்றம் எதுவும் வேண்டா, அது சாட்சி. நாள்தோறும் தெருவில் ஓடும் வண்டியின் நிலை வேறு. நான்கு சக்கரங்களிலுமுள்ள டிரம் பிறேக் அக்கால வேகத்துக்கு அமைந்தது. இக்கால நெரிசலில் நல்ல பிறேக்கும் தெளிந்த விளக்கும் உயிர்க்காவல். அவற்றைச் சேர்க்கலாம். ஆனால் உடலை வெட்டாமல், மீட்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்கவாறு சேர்த்தல் வேண்டும். கழற்றிய உறுப்பைப் பேணி வைத்து, மாற்றிய விவரத்தையும் ஆண்டையும் குறித்து வைத்தல் வேண்டும்.

2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பெற்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்விடைக்காலத்திலும் பழைய வண்டிகளின் அருமையை நாடு உணர்ந்தது. அவற்றைத் திருத்திய கம்மியரின் கைவண்ணமும் அவ்வண்டிகளின் வரலாற்றைச் சேர்ந்ததேயாகும்.