கஃபூர் முதல் பல்ராம் வரை

காலம் மாறும்போது கதையில் வரும் மனிதர்களும் மாறுகிறார்கள். இந்திய ஆங்கில நாவல்களில் இந்த மாற்றத்தைப் பார்க்க, கார் ஓட்டுகிற இருவரைக் கவனித்தாலே போதும்.

ஆர்.கே. நாராயணின் 'தி கைடு' 1958-ல் வந்தது. 1960-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. அதில் கஃபூர் என்றொரு டாக்சிக்காரர். ராஜு அழைத்துவரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வார், ராஜுவுக்குப் புத்தியும் சொல்வார். ஆனால் கதை ராஜுவுடையது. கஃபூர் ஓரமாக வந்து ஓரமாகவே போய்விடுகிறார்.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2008-ல், அரவிந்த் அடிகாவின் 'தி ஒயிட் டைகர்' வெளிவந்து புக்கர் பரிசு பெற்றது. இதில் டிரைவர்தான் நாயகன். ரிக்‌ஷா இழுப்பவரின் மகன் பல்ராம், முதலாளியைக் கொன்று, பணத்தோடு பெங்களூருக்கு ஓடிவருகிறான். கால் சென்டர் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் டாக்சி கம்பெனி நடத்துகிறான். சீனப் பிரதமருக்குக் கடிதம் எழுதுவதுபோல், தன் கதையைத் தானே சொல்கிறான்.

உழைப்பாளி நாயகனாவது புதிதல்ல. முல்க் ராஜ் ஆனந்த் 1935-லேயே துப்புரவுத் தொழிலாளி பக்காவை நாயகனாக்கினார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, 1885-ல் எமில் சோலா எழுதிய 'ஜெர்மினால்' நாவலின் சுரங்கத் தொழிலாளர்களும் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அந்த இரு நாவல்களிலும் கதை சொல்பவர் ஆசிரியர். பல்ராமோ 'நான்' என்று தொடங்குகிறான்.

அரசு அலுவலகத்தில் மனுக்களோடு காலம் தள்ளியவன் நான். எழுதத் தெரியாத ஏழைக்கு வேறொருவர் மனு எழுதித் தருவார்; 'கருணை கூர்ந்து' என்ற சொல் தவறாமல் இருக்கும். பல்ராமின் கடிதத்தில் அந்தக் கெஞ்சல் இல்லை. பெரிய மாற்றம் இதுதான்.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பல்ராமுக்கு ஆங்கிலம் பேசத் தெரியாது. நாவலே அதை ஒப்புக்கொள்கிறது. ஆக்ஸ்போர்டில் படித்த ஒருவர்தான் அவனுக்காக எழுதுகிறார். மனு எழுதுபவர் இன்னும் நடுவில் இருக்கிறார்.

தமிழில் பாமா 1992-லேயே 'கருக்கு' நூலில் தன் வாழ்க்கையைத் தானே, தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிட்டார். ஆங்கிலத்துக்கு அது பிறகுதான் மொழிபெயர்ப்பாகப் போனது.

எங்கள் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லை தாண்டி, இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரைவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் தன் கதையைத் தானே எழுதினால், அதைப் படிக்க முதல் ஆளாக நான் காத்திருக்கிறேன்.