நம்மைப் பற்றிய புதினங்களும் நம் வாசகரும்

புதினம் என்னும் இலக்கிய வகை தமிழுக்கு வந்து ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. ஆனால், நம் சமூகத்தார் தம்மையே கதைமாந்தராகக் கொண்ட புதினத்தைக் கையிலெடுத்துப் படித்து, அதைப் பற்றித் தம் கருத்தை உரக்கச் சொல்லத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். அந்தச் சிறு வரலாற்றைச் சேந்தமங்கலம் வட்டாரத்தில் நாம் கண்டதும் கேட்டதும் சேர்த்து இவ்வெள்ளி விழா மலரில் எழுத முற்படுகின்றோம்.

கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் நம் பாட்டன்மார் கதை கேட்டதெல்லாம் உடுக்கையடிப் பாட்டிலும் கூத்திலும்தான். எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறையினர் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் படித்தனர். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' 1954இல் திரைப்படமாக வந்தபோது, நம்ம ஊர்க்காரர் கதை என்று பெருமை பேசியவரும் உண்டு. அக்காலத்துக் கதைகளில் நம்மவர் வாராமல் இல்லை. வாசலில் வந்து நிற்பர், கும்பிடு போடுவர், அடுத்த பக்கத்தில் மறைந்துவிடுவர். அவற்றைப் படித்த நம்மவர் ஒருவரும் சினந்ததாகத் தெரியவில்லை. அங்கே நிற்பது தாம் என்று அவர்கள் எண்ணவே இல்லை.

இந்நிலை மாறியதற்குத் திரு. பூமணியின் எழுத்து முதன்மையான காரணம். 1979இல் வெளிவந்த 'பிறகு' என்னும் புதினத்தில் தோல் தொழில் செய்யும் அழகிரி நடுநாயகமாக அமர்ந்தான். 1982இல் வந்த 'வெக்கை'யோ பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கதை. அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டுத் தந்தையோடு காடுமேடெல்லாம் ஒளிந்து திரியும் சில நாட்களே கதைக்களம். அதில் சாதியின் பெயர் சொல்லப்படவில்லை. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டவர் உண்டு, "சொல்லாமலே தெரிகிறதே!" என்றவரும் உண்டு. 2019இல் அக்கதையைத் தழுவி 'அசுரன்' திரைப்படம் வந்த பின்னரே நம் இளைஞர் பலர் அந்நூலைத் தேடினர். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருவதை நாம் குறையாகக் கருதவில்லை. எவ்வழியாக வந்தால் என்ன?

ஐரோப்பாவில் வளர்பருவப் புதினம் என்றொரு வகை உண்டு. செர்மானியப் பெரும்புலவர் கெதே 1795-96இல் வெளியிட்ட 'வில்லெம் மைசுடர்' கதையை அதற்கு முன்மாதிரியாகக் காட்டுவர். இளைஞன் வீட்டை விட்டுப் புறப்படுவான், ஊர்கள் காண்பான், தன் வழியைத் தானே தெரிந்தெடுப்பான். நம் பிள்ளைகளின் கதையில் அப்படிப் புறப்படுவதற்கு இடமில்லை. எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக் கூடாது, எந்தப் பாத்திரத்தைத் தொடலாம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதே இங்கு வளர்தலாக இருந்தது. அதனை மறைக்காமல் எழுதியவர் பாமா. அவரது 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண், தன் பிள்ளைப் பருவத்தையும் தெருவையும் பேச்சு நடையிலேயே எழுதினார்.

அந்நூலுக்கு முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருடைய சொந்த ஊரிலிருந்துதான். நம் வறுமையையும் சண்டையையும் பட்டப்பெயர்களையும் ஊரறியச் செய்துவிட்டாளே என்று ஊரார் வெகுண்டனர். ஏழு மாத காலம் அவர் தம் ஊருக்குள் செல்ல இயலவில்லை. பிற்பாடு, படித்த இளைஞர்கள் நூலின் கருத்தை எடுத்துச் சொல்ல, சினம் தணிந்தது. 2000இல் அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்டு விருது பெற்றது. விருது வந்ததால் ஊரார் செய்தது அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. மானத்தைக் காக்க வேறு வழி இல்லாதவர் வாய்மூடிக் காத்தனர். அவர்களைக் கேளாமல் அந்தக் கதவு திறக்கப்பட்டது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே என்பது நம் கருத்து.

இக்கேள்விக்கு எழுத்திலேயே விடையளிக்க முயன்றவர் திருமதி ப. சிவகாமி. அப்போது அவர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தார். 1989இல் வந்த அவரது 'பழையன கழிதலும்' என்னும் புதினத்தில் காத்தமுத்து என்னும் தலித் தலைவர் வருகிறார். சேரிக்கு அரணாக நிற்பவர். வீட்டிலோ மனைவியர் இருவரையும் அடக்கி ஆள்பவர். அவருடைய மகள் கௌரி இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டே வளர்கிறாள், படிக்கிறாள். நம் தலைவரை நாமே இப்படிக் காட்டலாமா என்று பலர் வினவினர். 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று தொடர்நூல் ஒன்றை அவர் எழுதினார். அதில் நாவலாசிரியையே ஊருக்குத் திரும்பிச் சென்று, தாம் எழுதியது சரிதானா என்று தம் முதல் நூலைத் துருவி ஆராய்கிறார். வாசகர் கேள்வியே இன்னொரு புதினமாக ஆனது தமிழில் அரிதான செய்தி.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது விவாதம் மேலும் சூடேறியது. சேரிக்கே துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் கதை அது. நமக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்று அந்நூல் காட்டிற்று. எழுத்தாளர் சுந்தர ராமசாமி அதனைப் பெரிதும் புகழ்ந்தார். தலித் விமர்சகர் சிலரோ அது நம் ஒற்றுமைக்குக் கேடு என்று கடிந்தனர். இமையம் நம்மைப் போலப் பள்ளி ஆசிரியர் பணி செய்தவர். வகுப்பறையில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறான் என்பது ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். திரு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வெளிவந்தது; ஏறத்தாழ நம் சங்கத்தின் வயது. கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி என்று பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியர் பிள்ளைகள் ஆடு மேய்க்கும் கதை. ஆண்டுக்கு இவ்வளவு என்று தந்தையிடம் கூலி பேசிப் பிள்ளையைப் பண்ணாடியிடம் விடும் வழக்கத்தை நம்முள் முதியோர் நன்கறிவர். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த மறுநாளே எல்லாப் பட்டியிலிருந்தும் பிள்ளைகள் வீடு திரும்பிவிடவில்லை.

படிப்பகத்தில் இந்நூலைப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர் கடுங்கோபம் கொண்டார். எழுதியவர் நம் சமூகத்தவர் அல்லர். நம் பிள்ளைகள் அடிபடுவதையும் சில்லறைத் திருட்டுச் செய்வதையும் அவர் ஏன் எழுத வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய பாட்டனாரோ சிறுவயதில் பண்ணையத்தில் இருந்தவர். பேரன் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடி வாங்குனது கெடக்கட்டும், அது எல்லாருக்கும் தெரியும். ஆட்டை ஓட்டி வுட்டுட்டு நாங்க வெளையாண்டது இந்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று வியந்தார். புதுப்பட்டியில் முதியோர் சினந்தனர், இளையோர் விளக்கினர். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்தது. பட்டவருக்கு அது வாழ்க்கை, பேரனுக்கு அது பழி என்று நாம் விளங்கிக்கொண்டோம்.

ஆயினும் மாணவரின் கேள்வியும் சிறிதன்று. ஆப்பிரிக்காவில் இதற்கு ஓர் இணை உண்டு. நைசீரியாவில் ஆங்கில ஆட்சியில் பணியாற்றிய ஜாய்ஸ் கேரி என்பவர் அந்நாட்டு இளைஞன் ஒருவனை நாயகனாக்கி 1939இல் 'மிஸ்டர் ஜான்சன்' என்று எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு நல்ல பெயர். இபாதான் கல்லூரி வகுப்பில் அதைப் பாடமாகப் படித்த கறுப்பின மாணவர்களோ, இவன் எங்களில் ஒருவன் அல்லன் என்று மறுத்தனர். அவ்வகுப்பில் இருந்த சினுவா அச்சிபி, தம் மக்களைத் தாமே எழுதுவதென்று துணிந்து 1958இல் வெளியிட்ட புதினம் உலகப் புகழ் பெற்றது. அது தமிழிலும் கிடைக்கிறது. நம் மாணவருக்கு இச்செய்தியைச் சொன்னோம். கோபம் வந்தால் நோட்டுப் புத்தகம் வாங்கு என்றும் சொன்னோம்.

கோபத்தை வேறு விதமாகக் காட்டியவர்களையும் நம் மாவட்டம் கண்டது. அதே ஆசிரியரின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், சாதி, சமய அமைப்புகள் சில திருச்செங்கோட்டில் அந்நூலைக் கொளுத்தின. 2015 சனவரி 12இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 சூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்காமல் விடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். கௌரியின் கதையைப் பற்றியும் ஆரோக்கியத்தின் கதையைப் பற்றியும் நம்மவர் போட்ட சண்டையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் சண்டையில் கட்டுரைகள் பிறந்தன, மறுப்புகள் பிறந்தன, ஒரு புதினமே பிறந்தது.

'கூளமாதாரி'யைப் பற்றி நம் மகளிர் எழுப்பிய வினா ஒன்று மீதமிருக்கிறது. பண்ணையத்தில் வேலை செய்து வளர்ந்த ஒரு தாய், எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு நம்மிடம் கேட்டார்: "கூளையனைப் பத்திதான் எல்லாரும் பேசறீங்க. வவுறியும் செவிடியும் பெரிய மனுசியானா அந்தப் பட்டியில அவங்க பொழப்பு என்னாகும்னு எந்தப் புஸ்தகத்துலீங்க இருக்குது?" படிப்பகத்து அலமாரியில் தேடினோம். கொங்கு நாட்டுப் பண்ணையத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்லும் புதினம் அங்கே இல்லை.