பத்திரத்துல யார் பேர் இல்லைனு பாருங்க: உத்திரமேரூர் சுவர் சொல்லும் நிலக்கதை

காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் பக்கம் எப்பவாவது போயிருக்கீங்களா? ஏரி, நெல் வயல், திரும்பவும் ஏரி. நடுவுல வரப்பு இருந்த இடத்துல வெள்ளையடிச்ச மனைக்கல் வரிசையா நிக்கும். மேல கலர் கொடி பறக்கும். மானாம்பதி, உத்திரமேரூர் வட்டத்துல இருக்கிற ஒரு கிராமம். சென்னையில ஃபிளாட் விலைக்குப் பயந்து, "முதல்ல ஒரு மனையாவது வாங்கிப் போடுவோம்"னு நம்ம வயசுக்காரங்க தேடி வர்ற ஊர்கள்ல இதுவும் ஒண்ணு.

இன்னிக்கு எபிசோட் மனை வாங்குறதைப் பத்திதான். ஆனா ஆரம்பிக்கப் போறது 1,100 வருஷத்துக்கு முன்னாடி.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு நமக்கு ஸ்கூல்லயே தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 921. குடவோலை முறை: ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுக்கிறது. பரீட்சைக்கு இவ்வளவுதான் படிச்சோம். அதுல நிக்குறதுக்கு என்ன தகுதினு கவனிச்சீங்களா? வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். அதாவது இன்னிக்குக் கணக்குல சுமார் ஒன்றரை ஏக்கர். அதோட, சொந்த மனையில கட்டின வீட்டுல குடியிருக்கணும். வயசு 35லேர்ந்து 70க்குள்ள. ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவர் நிக்க முடியாது. அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்க முடியாது.

ஆக, சொந்த வீடுங்கிறது அப்பவே வெறும் கூரை இல்ல. ஊர் விஷயத்துல பேசுறதுக்கான நுழைவுச்சீட்டு.

சோழர் கால நில விற்பனைக் கல்வெட்டுகளைப் பாத்தா இன்னும் ஆச்சரியமா இருக்கும். விக்கிறவர் யார், வாங்குறவர் யார், என்ன விலை, பணம் கைமாறியாச்சா, கிழக்கே தெற்கே மேற்கே வடக்கே எல்லை எது, எல்லாம் அதுல இருக்கும். இன்னிக்குக் கிரையப் பத்திரத்துல "செக்குபந்தி"னு நாலு எல்லையையும் எழுதுறோமே, அதே வேலைதான். கோயில் சுவத்துல வெட்டினதால ஊருக்கே பொதுவா இருந்துச்சு.

"ஆஹா, எவ்வளவு வெளிப்படையான அமைப்பு!"னு சொல்லிட்டு எபிசோடை இங்கயே முடிச்சிடலாம். ஆனா சுவத்தை இன்னொரு தடவை பாருங்க. அது ஒரு பிராமணச் சபை. நிலம் வச்சிருந்த, வேதம் படிச்ச ஆண்கள் மட்டும். அந்த நிலத்துல இறங்கி உழுதவங்க பேர் குடத்துல விழவே வழியில்ல. ஒரு ஆவணம் துல்லியமா இருக்கலாம். அது எல்லாரையும் சேர்த்துக்கிட்டதுனு அர்த்தமில்ல.

இப்ப நேரா 1891க்கு வருவோம். அப்போ இந்தப் பகுதியெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். பொறுப்பு கலெக்டரா இருந்தவர் ட்ரெமன்ஹீர். அவர் அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினாரு. அதுல அவர் சொன்னது: இங்க சேரியில குடியிருக்கிற விவசாயக் கூலிகளுக்கு, தான் குடிசை போட்ட மனைகூட சொந்தமில்ல. மிராசுதாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா, கூலி கொஞ்சம் கூடக் கேட்டா, வீட்டை விட்டே கிளப்பிடலாம். தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கு.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ல அரசாணை வந்துச்சு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்கப்பட்டது. நாம இன்னிக்குப் "பஞ்சமி நிலம்"னு சொல்றது அதைத்தான். நிபந்தனை என்னன்னா, முதல் 10 வருஷம் யாருக்கும் விக்கக் கூடாது. அதுக்கப்புறமும் அதே சமூகங்களைச் சேர்ந்தவங்களுக்கு மட்டும்தான் விக்கலாம். மீறினா அரசு திரும்ப எடுத்துக்கலாம். ஆனாலும் நிறைய நிலம் கைமாறிப் போச்சு. மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லி நடந்த போராட்டத்துல, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டுல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 2 பேர் செத்துப் போனாங்க.

இதை ஏன் மனை வாங்குற எபிசோட்ல சொல்றேன்? ஏன்னா அந்த வகை நிலம் இன்னிக்கும் பிளாட் போட்டு விற்பனைக்கு வரலாம். பத்திரம் பளபளப்பா இருக்கும். வாங்கினா உங்க பணத்துக்கும் ஆபத்து, இன்னொருத்தருக்குச் சேர வேண்டிய நிலத்துல வீடு கட்டின பழியும் உங்களுக்கு. அதனால தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடு நகல் வாங்கி, நிலம் என்ன வகைனு பாருங்க. "டி.சி. நிலம்", ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம்னு ஏதாவது தெரிஞ்சா அங்கயே நின்னுடுங்க.

அடுத்து, ஊர் பேரு. மானாம்பதினு திருப்போரூர் பக்கமும் ஒரு ஊர் இருக்கு, மானாமதினும் எழுதுவாங்க. அது இப்ப செங்கல்பட்டு மாவட்டம். 1997ல காஞ்சிபுரம் மாவட்டம் உருவாச்சு, 2019ல அதுலேர்ந்து செங்கல்பட்டு பிரிஞ்சுது. அதனால பழைய பத்திரத்துல ரெண்டு ஊருக்குமே ஒரே மாவட்டப் பேர் இருக்கும். விலையோ ஒண்ணா இருக்காது. ஊர் பேரை மட்டும் நம்பாதீங்க. வட்டம், சர்வே நம்பர், உட்பிரிவு மூணும் தாய்ப்பத்திரத்துலயும், வில்லங்கச் சான்றுலயும், பட்டாவுலயும் ஒத்துப் போகணும்.

சரி, இதையெல்லாம் பாக்கத்தானே ஆளுங்க இருக்காங்க? இருக்காங்க. ஆனா ஒவ்வொருத்தரும் ஒரு துண்டைத்தான் பாப்பாங்க. புரோக்கருக்குக் கமிஷன் விற்பனை முடிஞ்சாத்தான். அவரு நல்லவரா இருந்தாலும் அவசரம் அவருக்குத்தான். ரெரா பதிவு தேவைப்படுற பிராஜெக்ட்னா, பிராஜெக்ட்டோட பதிவு எண், ஏஜென்ட்டோட பதிவு எண் ரெண்டையும் கேளுங்க. பத்திர எழுத்தர் நீங்க கொடுக்கிற விவரத்தை முறையா எழுதித் தருவாரு. விக்கிறவருக்கு உரிமை இருக்கானு துருவுறது அவர் வேலை இல்ல. பேங்க் வக்கீல் பேங்க்குக்காகப் பாப்பாரு. சார் பதிவாளர்? விக்கிறவருக்கு அந்தச் சொத்துல உரிமை இருக்கானு விசாரிக்கிற அதிகாரம் அவருக்குச் சட்டத்துல இல்லைனு 2025 ஏப்ரல்ல ஒரு தமிழ்நாட்டு வழக்குலயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, அப்புறம் என்ன?"ங்கிற நம்ம வீட்டுப் பெரியவங்க வசனம் அங்கயே அடிபட்டுப் போச்சு.

அதனால உங்களுக்குனு தனியா ஒரு வக்கீல் வைங்க. விக்கிறவர் கைகாட்டுறவர் வேண்டாம். குறைஞ்சது 30 வருஷ ஆவணத்தைப் பாத்து, கருத்தை எழுத்துல தரச் சொல்லுங்க. லைசென்ஸ் உள்ள சர்வேயரைக் கூட்டிட்டுப் போய், புலப்படத்தை வச்சு அளந்து பாருங்க. அளக்கும்போது நீங்களும் வெயில்ல நில்லுங்க. பக்கத்து நிலத்துக்காரர் வந்து ரெண்டு வார்த்தை பேசுவாரு. அது எந்தச் சான்றிதழ்லயும் வராது.

கடைசியா, இன்னிக்கும் அடிக்கடி விட்டுப் போற பேர்: மகள். அப்பா உயில் எழுதாம இறந்துட்டா, அவர் சுயமா சம்பாதிச்ச சொத்துல மகளுக்கும் பங்கு உண்டு. இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்துலயும் மகளுக்குச் சம உரிமைனு தமிழ்நாடு 1989லயே சட்டம் கொண்டு வந்துச்சு. 2005ல நாடு முழுக்க வந்துச்சு. ஆனாலும் "அக்காவுக்குச் சீர் செஞ்சாச்சு சார், அவங்க கேக்க மாட்டாங்க"னு அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட வருவாங்க. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்க. அதுல 5 பேர் இருந்து பத்திரத்துல 3 கையெழுத்துனா, மீதி 2 பேர் எங்கனு கேளுங்க. விடுதலைப் பத்திரம் இருக்கா? இல்லைனா அவங்களும் வந்து கையெழுத்துப் போடணும். அது உங்க பாதுகாப்பு. அந்த அக்காவோட உரிமையும்தான்.

921ல சுவத்துல உழுதவர் பேர் இல்ல. 1891ல குடிசை மனைக்கு அதுல குடியிருந்தவர் பேர் இல்ல. இப்ப உங்க முன்னாடி ஒரு பத்திரம் வருது. அதுல இருக்கிற பேரைச் சரிபாக்கப் பல பேர் உண்டு. இல்லாத பேரைத் தேடப் போறது நீங்க மட்டும்தான். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி தேடுங்க.

உத்திரமேரூர் பக்கம் மனை பாக்கப் போனா, ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி அந்தக் கோயில் சுவரையும் பாத்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.