மலைநடைத் தோல் பூட்ஸ்

கரடுமுரடான மலைச்சரிவுகளில் நடப்பதற்காகத் தடித்த தோலில் தைக்கப்படும், கணுக்காலை மூடும் காலணி. நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் உருவான காலத்தில் வேட்டைக்காரர்களின் தேவையாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின், வனப் பணியாளர்களும் மலையேறுவோரும் அணிவதாயிற்று.

ஆயுளைத் தீர்மானிப்பது மேல்தோலே. மேற்பரப்பு தேய்த்து நீக்கப்படாத முழுத்தோல் சிறந்தது: கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். தேய்த்துக் கனத்த பூச்சு ஏற்றிய தோல் மடிப்புகளில் விரைவில் உரியும். ஊசித்துளைகள் வழியே நீர் கசியும் என்பதால் தையல் குறைந்த மேற்பாகமே நல்லது. கயிறு கட்டும் இடத்துக்கு அடியிலுள்ள நாக்கின் இருபுறமும் மேல்தோலோடு இணைத்துத் தைக்கப்பட்டிருந்தால் சேறும் சிறுகற்களும் புகா. சோலைக்காடுகளில் அட்டைக்கும் ஓரளவு தடை. பசையால் மட்டும் ஒட்டிய அடியைவிட, விளிம்புப் பட்டையுடன் தைத்த அடி மேலானது, தேய்ந்தால் மாற்றலாம். ஆழ்ந்த பற்கள் கொண்ட ரப்பர் அடி, இத்தாலிய மலையேற்ற வீரர் விட்டாலே பிரமானி 1930களில் உருவாக்கியது.

சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகிலுள்ள பெரியமேடு, சென்னையின் தோல் வணிக மையம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகியவை பதனிடும் ஊர்கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் அடையாறில் இயங்குகிறது.

வாங்கும்போது, நடையில் அணியும் தடித்த காலுறையுடனே, கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பார்ப்பது நல்லது. இறக்கத்தில் விரல்நுனி முன்பக்கம் இடிக்கக் கூடாது. நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். காகிதம் திணித்து நிழலில் உலர்த்தி, மெழுகு பூச வேண்டும்.