பொகவந்தலாவைக் கல்லறையும் பெட்டிக் கமராவும்

பொகவந்தலாவையில் தூய மரியாள் ஆலயம் என்ற சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் தேயிலை மலைகள். அதன் வளவிலுள்ள கல்லறைகளுக்கிடையே கணவனும் மனைவியுமான இருவர் துயில்கின்றனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கை வரலாற்றைப் பாடசாலையில் படித்தவர்களுக்குக் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்ற பெயர் மறந்திருக்காது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் நீதித்துறை சார்ந்த பகுதிக்குப் பொறுப்பான அதே கமரன்தான் இவர். அவரைப் பரீட்சைக்காக மனனம் செய்த நம்மிற் பலருக்கு, அவருடைய மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் உலகப் புகைப்பட வரலாற்றில் கணவரை விடப் பெரிய பெயர் என்பது தெரியாது.

அந்த அம்மையார் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துக்கொண்டு தாமாகவே கற்றுக்கொண்டவர். அப்போது அவர்கள் இங்கிலாந்தில் வைட் தீவில் வாழ்ந்தார்கள். வீட்டின் நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. பல தட்டுகளைப் பாழாக்கிய பின்னர், 1864 ஜனவரியில் ஒரு சிறுமியின் முகம் ஒழுங்காக விழுந்தது. 'ஆனி, என் முதல் வெற்றி' என்று அந்தப் படத்துக்குத் தலைப்பிட்டார். வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அக்காலத்து முறை ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசினைச் சீராக ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்குமாகக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடங்கள். படத்துக்கு அமர்ந்தவர் பல வினாடிகள், சில வேளைகளில் நிமிடக் கணக்கில், அசையாதிருக்க வேண்டும். தூசி படிந்தால் புள்ளி. விரல் பட்டால் கறை. கமரன் அம்மையாரின் படங்கள் தெளிவற்றவை, அசிரத்தையானவை என்று தொழில்முறையாளர்கள் அன்று ஏளனம் செய்தார்கள். டார்வினும் டெனிசனும் அவருடைய கமராவின் முன் பொறுமையோடு அமர்ந்தார்கள்.

1875இல் அந்தக் குடும்பம் இலங்கைக்கு வந்தது. கணவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. பிள்ளைகளிற் சிலரும் இங்கிருந்தனர். ஆனால் 1869இலேயே கோப்பி இலைநோய் பரவத் தொடங்கியிருந்தது. அவர்கள் வந்தது ஒரு பொருளாதாரத்தின் அந்திமக் காலத்தில். களுத்துறையிலும் மலைநாட்டிலுமாக வாழ்ந்த அந்த ஆண்டுகளில் அம்மையார் எடுத்தவற்றில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் எடுத்தவருக்கு ஏன் இந்த வறட்சி? இரசாயனங்கள் கடல் கடந்து வர வேண்டும். வெப்பத்தில் தட்டு விரைவாகக் காய்ந்துவிடும். தட்டைக் கழுவுவதற்கு ஏராளமான சுத்தமான தண்ணீர் வேண்டும். 1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயான் தோட்டத்தில் அவர் காலமானார். மறு ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய இலங்கைப் படங்களில் இருப்போர் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். முகங்களை அவர் மரியாதையோடுதான் பார்த்திருக்கிறார். எனினும் தலைப்புகளைப் பாருங்கள்: இளம்பெண், களுத்துறைக் குடியானவர்கள் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. இங்கிலாந்தில் எடுத்த முதல் வெற்றிக்கு ஆனி என்ற பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த கடைசி வெற்றிகளுக்குப் பெயரே இல்லை. மலையகத்தின் படவரலாறு முழுவதையும் இந்த ஓர் இடைவெளிக்குள் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

அம்மையார் மறைந்த சில ஆண்டுகளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஈரத்தட்டு போய் உலர்தட்டு வந்தது. 1888இல் கொடக் சுருள் பிலிம் கமராவையும், 1900இல் ஒரு டொலர் விலையில் 'பிரவுனி' என்ற பெட்டிக் கமராவையும் வெளியிட்டது. தோட்டத் துரைமாரின் பங்களாக்களில் பிரவுனிப் பெட்டி தொப்பிக்கும் துப்பாக்கிக்கும் பக்கத்தில் இடம்பிடித்தது. அவர்களுடைய அல்பங்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பங்களாவின் பெயர் இருக்கும். விருந்தினர் பெயர்கள் இருக்கும். குதிரைக்கும் நாய்க்கும்கூடப் பெயர் எழுதியிருப்பார்கள். கூடையோடு நிற்கும் பெண்களின் கீழே மட்டும் 'கொழுந்து பறிப்போர்' என்ற ஒரு சொல். அக்காலத்து அஞ்சலட்டைகளில் அதுவும் 'தமிழ்க் கூலிகள்' என்று குறுகியது.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையையும் சொல்ல வேண்டும. பழைய தட்டுகளும் தொடக்ககாலப் பிலிம்களும் சிவப்பு ஒளியை உணராதவை. அதனால் கபில நிறத் தோல் உண்மையில் இருப்பதைவிடக் கறுத்து விழும். தேயிலைச் செடியும் இருண்டு போகும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பழைய படங்களில் நம் பாட்டன் பூட்டன்மாரின் முகங்கள் நிழலாகத் தெரிவதற்கு வெயில் மட்டும் காரணமன்று. எல்லா நிறங்களையும் உணரும் பிலிம்கள் முன்னரே இருந்தாலும், பெட்டிக் கமராக்காரர்கள் வழக்கமாக வாங்கிய கொடக்கின் வெரிகுறோம் பிலிம் அந்த இனத்துக்கு மாறியது 1956இல்தான்.

சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பியபோதும், 1972, 1975 ஆண்டுகளில் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், பழைய கமராக்கள் பல கைமாறின. கணக்கப்பிள்ளை, டீமேக்கர், தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆகியோரின் வீடுகளுக்கு அவை வந்து சேர்ந்தன. நான் செய்தியாளனாக ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் அலைந்த காலத்தில் இந்த அமெச்சூர் படப்பிடிப்பாளர்கள் சிலரோடு பழகும் பேறு கிடைத்தது. அவர்களுடைய ஆனந்தமும் அவஸ்தையும் தனி இரகம்.

1901இல் பிரவுனிக்காகவே வந்த 120 பிலிமில் எட்டுப் படங்கள்தாம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970 - 1977 காலத்தில் ஒரு பிலிம் கிடைப்பதே அரிது. ஆகவே எட்டுப் படங்கள் ஓராண்டுக்கு நீளும். பெட்டியை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்த்தால் உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். பிலிமைச் சுற்றும்போது பின்புறத்துச் சிறு சிவப்புக் கண்ணாடியில் இலக்கம் வரும் வரை பார்த்திருக்க வேண்டும். சுற்ற மறந்தால் தைப்பொங்கற் பானையின் மீது மாமனார் அமர்ந்திருப்பார்.

பிலிம் கழுவுவது இன்னொரு கலை. உருத்துலக்கும் கரைசல் 20 பாகை செல்சியசில் இருக்க வேண்டும் என்பது விதி. கொழும்பில் அது சூடேறிப் பிலிமின் ஜெலற்றின் பூச்சு இளகும் என்று அஞ்சுவார்கள். நுவரெலியாவிலோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், கரைசல் குளிர்ந்து வேலை செய்ய மறுக்கும். கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் இருத்துவார்கள். ஆனால் கடைசியாக அலசுவதற்குப் பீலித் தண்ணீரைப் போலச் சிறந்தது வேறில்லை. நெகற்றிவ் பெரிது என்பதால் பெரிதாக்கும் கருவியும் தேவையில்லை. தாளின் மேல் நெகற்றிவை வைத்து விளக்கொளியைக் காட்டினாற் போதும். மின்சாரமில்லாத குடியிருப்புகளில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அச்சிட்ட படங்களை நான் கண்டிருக்கிறேன். கழுவத் தெரியாதவர்கள் நகரத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அப்படி நான் ஒரு கடையில் கொடுத்த பிலிமுக்குப் பதிலாக யாரோ ஒருவரின் கலியாணப் படங்கள் வந்து சேர்ந்தன. மணமக்கள் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறார்கள்.

மூடுபனி எல்லாவற்றுக்கும் மேலான எதிரி. அதன் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். அரிசி மூட்டைக்குள்ளும் எரியும் மின்குமிழுக்கு அருகிலும் கமராவை வைத்துக் காப்பாற்றியவர்கள் உண்டு. பெட்டிக் கமராவின் மூடி திறந்து மூடும் வேகம் ஏறத்தாழ வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. கூட்டவோ குறைக்கவோ முடியாது. நல்ல வெயில் இல்லையேல் படம் இல்லை.

வரலாற்று நோக்கில் இதற்கு ஒரு விளைவு உண்டு. விடிகாலைப் பிரட்டுக்களம் அந்தக் கமராவுக்கு எட்டாது. இரவில் ஆடப்படும் காமன் கூத்து எட்டாது. புகை மண்டிய லயத்து அறை எட்டாது. எட்டியது வெயிலேறிய மலையும் பண்டிகை நாளின் புத்தாடையும்தான். மலையக மக்கள் எப்போதும் பசுமைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்ற தோற்றத்தைச் சுற்றுலா விளம்பரங்கள் மட்டும் உருவாக்கவில்லை. கமராவின் இயலாமைக்கும் அதில் பங்குண்டு.

ஆனாலும் இந்த அமெச்சூர்கள் செய்த ஒரு காரியம் எந்தத் துரையும் செய்யாதது. எனக்குப் பழக்கமான கணக்கப்பிள்ளை ஒருவர் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதி வைப்பார்: நிற்பவர்களின் பெயர், மலையின் இலக்கம், திகதி. கைக்குழந்தையின் பெயரும் விடுபடாது. 'பேர்ப்பதிவு எழுதுகிற கைதானே ஐயா, தானாக வருகிறது' என்பார்.

அந்தப் பெயர்களின் பெறுமதி பின்னர்தான் விளங்கிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கடவுச்சீட்டு வந்தது, அதற்கு முகப்படம் வேண்டியிருந்தது. வாழ்நாளில் ஒரு முறையும் கமராவைப் பார்த்திராத எத்தனையோ முதியவர்களுக்கு, நாட்டைவிட்டு அனுப்புவதற்காக எடுக்கப்பட்டதே முதற்படம்.

புறப்படுமுன் லயத்து வாசலில் குடும்பமாக நின்று இன்னொரு படமும் எடுப்பார்கள். அதை எடுத்தவர் பெரும்பாலும் நமது பெட்டிக் கமராக்காரர்தான். ஒரு பிரதி தலைமன்னாருக்குப் புகையிரதத்தில் போகும். மற்றது இங்கு தங்கும். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்களுக்கு அந்தத் தாளே உறவின் உறுதிப்பத்திரம். அத்தகைய பிரதிகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன.

ஹட்டனில் தங்கியவை எத்தனை எஞ்சின? 1977இலும் 1983இலும் வன்செயலில் எரிந்த வீடுகளோடும் கடைகளோடும் போனவை ஒரு பங்கு. ஈரத்தில் ஒட்டி உரிந்தவை ஒரு பங்கு. நாட்டின் தலைசிறந்த படப்பிடிப்பாளரான லயனல் வென்ட் 1944இல் மறைந்த பின் அவருடைய நெகற்றிவ்களே அழிக்கப்பட்டன என்றால், ஒரு கணக்கப்பிள்ளையின் தகரப்பெட்டியை யார் காப்பார்கள்? 2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது பழைய படங்கள் நிறையப் பகிரப்பட்டன. என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பாலானவை துரைமாரின் கமராவில் பிறந்தவை, பெயரற்றவை.

எனவே மலையகத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய படம் ஏதேனும் இருந்தால், அதை ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளிலிருந்து மெதுவாக எடுங்கள். கைத்தொலைபேசியில் முன்புறத்தையும் பின்புறத்தையும் படம்பிடியுங்கள். நெகற்றிவ் கிடைத்தால் எறிய வேண்டாம். காகித உறையிலிட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இவையெல்லாம் பிறகும் செய்யக்கூடியவை. பிறகு செய்ய முடியாதது ஒன்று உண்டு: அப்பாயியையோ அம்மாயியையோ பக்கத்தில் இருத்தி, இடப்பக்கத்திலிருந்து வரிசையாக 'இது யார், இது யார்' என்று கேட்டு மெல்லிய பென்சிலால் எழுதுவது. அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.