ஒன்சென் பார்க்க ஜப்பானுக்குத்தான் போகணுமா? செம்பவாங் வெந்நீரூற்று பற்றித் தெரிந்துகொள்வோம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பூன் லே பக்கம் ஒரே பேச்சுதான். ஜூரோங் பாயிண்ட்டில் பபள் டீ வாங்க வரிசையில் நின்றாலும் சரி, 179ஆம் எண் பேருந்துக்குக் காத்திருந்தாலும் சரி, "இந்த வாட்டி ஜப்பான் போலாமா?" என்று யாராவது கேட்பது காதில் விழும். தோக்கியோவும் ஒசாகாவும் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்த ஆசை ஒன்று உண்டு. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம், சத்தமே இல்லாத ஒரு மாலைப்பொழுது.

விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடுகிறதா? ரயில் அட்டையில் இருக்கும் காசே போதும். சிங்கப்பூரின் பெருநிலத்தில் இயற்கையான வெந்நீரூற்று ஒன்று இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

அது எப்படி அங்கே வந்தது, யார் யார் கையில் இருந்தது, வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஒன்சென் என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் வெந்நீரூற்றுக்கு ஒன்சென் என்று பெயர். அதைச் சுற்றி உருவான குளியல் விடுதிகளையும் ஊரையும் அதே பெயரில் சொல்வார்கள். சுடுதண்ணீர் வைத்திருக்கும் இடமெல்லாம் ஒன்சென் ஆகிவிடாது. 1948இல் ஜப்பான் இதற்கென ஒரு சட்டமே இயற்றியது. நிலத்திலிருந்து வரும் நீர் ஊற்றுவாயில் குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் பட்டியலிட்டிருக்கும் தாதுப்பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்ட எரிமலைகள் இன்னும் உயிர்ப்புடன் உள்ளன. ஒன்சென் ஊர்கள் அங்கே மூலைக்கு மூலை இருப்பதற்கு அது முக்கியக் காரணம்.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. இலங்கையின் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. அங்கே ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவுச் சூடு. தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்ய ராவணன் தரையில் குத்திய இடங்களில் அந்த ஊற்றுகள் பிறந்தன என்பது ஐதீகம். தாத்தா பாட்டியின் பூர்வீகம் யாழ்ப்பாணம், திருகோணமலை என்றால் கேட்டுப் பாருங்கள். கன்னியா கதை ஒன்று அவர்களிடம் இருக்க வாய்ப்புண்டு.

எரிமலையே இல்லாத சிங்கப்பூரில் வெந்நீர் எப்படி?

நியாயமான கேள்வி. நமக்குப் பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. ஆனால் பூமிக்குள் ஆழம் கூடக் கூடச் சூடும் கூடும். உலகின் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் கீழே போனால் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை உயரும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. சிங்கப்பூரின் நடுப்பகுதிக்கும் வடபகுதிக்கும் அடியில் இருக்கும் கருங்கல் பாறையின் விரிசல்கள் வழியாக அது இன்னும் கீழே கசிகிறது. ஆழத்தில் சூடேறிய நீர், வேறொரு விரிசல் கிடைத்தால் வேகமாக மேலே வந்துவிடும். வழியில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காததால் சூட்டோடு வெளியே வருகிறது. செம்பவாங்கில் நடப்பது இதுதான். ஊற்றுவாயில் நீரின் வெப்பம் சுமார் 70 டிகிரி.

பூன் லேவாசிகளுக்கு ஒரு கூடுதல் தகவல். 179இல் ஏறினால் போய்ச் சேரும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் இந்தச் சூட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள். செம்பவாங் பகுதியில் துளையிட்டபோது, சுமார் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி வெப்பம் பதிவானது. நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்பது அவர்கள் விடை தேடும் கேள்வி. நாம் கால் நனைக்கும் அதே வெப்பத்தின் இன்னொரு பக்கம் அது.

அந்த ஊற்று யார் யார் கையில் இருந்தது?

ஊற்று வெளியுலகுக்குத் தெரியவந்தது 1909 வாக்கில். அப்போது அந்த நிலம் சியா எங் கியோங் என்ற வர்த்தகருக்குச் சொந்தம். சுற்றி உருவான கிராமத்தை மக்கள் கம்போங் ஆயர் பானாஸ் என்றார்கள். மலாயில் ஆயர் பானாஸ் என்றால் சுடுதண்ணீர்.

1920களின் தொடக்கத்தில் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் நிலத்தை வாங்கி, ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஸோம்பன் என்பது அந்த நீருக்கு வைத்த பெயர்களில் ஒன்று.

அடுத்து வந்தது போர். 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரை ஆண்ட ஜப்பானியப் படையினர், ஊரில் செய்வதையே இங்கும் செய்தார்கள். ஊற்றைச் சுற்றிக் குளியல் தொட்டிகள் கட்டினார்கள். ஆக, செம்பவாங் ஒருகாலத்தில் உண்மையிலேயே ஒன்சென்தான். ஆனால் அதில் இளைப்பாறியவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். வெளியே நம் தாத்தா பாட்டி தலைமுறை மரவள்ளிக்கிழங்கை வைத்துப் பசியைப் போக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1944இல் நேச நாட்டுப் படைகளின் குண்டு விழுந்ததில் ஊற்றின் ஓட்டமும் தடைபட்டது.

போருக்குப் பிறகு நீர் மீண்டும் வந்தது. உல்லாசக் குளியல் மையம் கட்டும் திட்டங்களும் வந்தன, நிறைவேறவில்லை. 1985இல் அரசாங்கம் நிலத்தைக் கையகப்படுத்தியது. செம்பவாங் விமானத் தளத்துக்கான இடத்துக்குள் ஊற்று போனது.

மக்கள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. செங்கல் கட்டடம் ஒன்று, சில குழாய்கள், பிளாஸ்டிக் வாளிகள். இருந்தது அவ்வளவுதான். மூட்டுவலிக்காரர்கள் வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் முட்டை வேகுமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2002இல் விமானத் தள விரிவாக்கத்துக்காக ஊற்று மூடப்பட்டது. வட்டாரவாசிகள் விடவில்லை. கோரிக்கை எழுந்தது. அதே ஆண்டு மே மாதம் ஊற்று மீண்டும் திறந்தது. ராணுவ நிலத்தின் நடுவே, இருபக்கமும் வேலி போட்ட ஒரு நடைபாதை வழியாகப் பொதுமக்கள் போய்வந்தார்கள்.

நிலத்துக்குப் பஞ்சமான ஊரில் ஒரு குழாயடியைக் காப்பாற்றியது அங்கே வாளியோடு வந்து உட்கார்ந்தவர்கள்தான். அவர்கள் அன்று பேசாமல் இருந்திருந்தால், நீங்கள் இன்று போய்ப் பார்க்க எதுவும் இருந்திருக்காது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

தேசியப் பூங்காக் கழகம் இடத்தைச் சீரமைத்து, 2020 ஜனவரியில் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவாகத் திறந்தது. பரப்பளவு 1.1 ஹெக்டர். முன்பு இருந்ததைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

ஊற்றுநீர் படிப்படியாக இறங்கும் அடுக்குக் குளத்தில் ஓடுகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் சூடு குறையும். கால் நனைக்கும் கீழ்ப்பகுதிக்கு வரும்போது சுமார் 40 டிகிரியாக இருக்கும். வாளியில் பிடித்து ஓரமாக உட்கார்ந்து நனைக்கவும் வசதி உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இது கால் நனைக்கும் இடம், குளிக்கும் இடம் அல்ல. நீச்சலுடை தேவையில்லை, சவர்க்காரமும் வேண்டாம்.

முட்டை எடுத்துப் போகலாமா?

தாராளமாக. அதற்கென்றே குழாய்களோடு தனி இடம் இருக்கிறது. மூடி போட்ட பாத்திரம், கரண்டி, கொஞ்சம் உப்பு அல்லது சோயா சாஸ் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும். அரை மணி நேரம்வரை ஆகலாம்.

உடைத்தால் ஓர் ஆச்சரியம். வீட்டில் கொதிக்க வைத்தால் வெள்ளைக்கரு முதலில் இறுகும். இங்கே தலைகீழ். மஞ்சள் கரு 65 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். வெள்ளைக்கரு முழுசாக இறுக 80 டிகிரி வேண்டும். 70 டிகிரி நீரில் நடுவில் கெட்டியாகவும் வெளியில் கொழகொழவென்றும் வரும். ஜப்பானில் இதற்கு ஒன்சென் தமாகோ என்று பெயர். சரியாக வரவில்லையோ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது அப்படித்தான்.

அப்பா அம்மாவை அழைத்துச் செல்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பல ஆண்டு நீரிழிவு, கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். அப்படிப் பாதித்தால் சூடு உறைக்காது. தோல் வெந்தாலும் வலி தெரியாது. சின்னக் கொப்புளம் ஆறாத புண்ணாகலாம். முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

நான் என் அம்மாவோடு முதன்முறை போனபோது அவர் நேராக மேலடுக்குப் பக்கம் காலை நீட்டினார். "சூடே தெரியலையே, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். அதே நீரில் விரலை வைத்த எனக்குச் சுரீரென்றது. சட்டென்று அவர் காலை இழுத்துவிட்டேன். பாதம் லேசாகச் சிவந்ததோடு போயிற்று. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாக நீரிழிவு. அது எனக்குத் தெரியும். ஆனால் வெந்நீரையும் அதையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவே இல்லை.

அதனால் சில குறிப்புகள்:

- நீரிழிவு உள்ளவர்கள் போவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், புண் உள்ளவர்கள் நனைக்காமல் இருப்பதே நல்லது.
- மருத்துவர் சரி என்று சொன்னாலும், நீர் எவ்வளவு சூடு என்பதை அவர்கள் கால் வைத்துப் பார்க்க வேண்டாம். நீங்கள் கை வைத்துப் பாருங்கள்.
- சில நிமிடங்கள் போதும். பிறகு விரல் இடுக்குகளைத் துடைத்து, பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.
- சிறுபிள்ளைகளைக் குழாய்ப் பக்கமும் மேலடுக்குப் பக்கமும் தனியாக விடாதீர்கள். 70 டிகிரி நீர் ஒரு நொடியிலேயே சுட்டுவிடும்.

இப்போதெல்லாம் அம்மா கால் நனைப்பதில்லை. முட்டைக்குக் காவல் இருக்கிறார். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

ஒருநாள் ஜப்பானுக்கே போனால்?

இங்கே பழகிய பழக்கம் அங்கே உதவும், ஆனால் விதிகள் கூடுதல். ஒன்சென் குளத்தில் இறங்கும் முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். குளம் அழுக்கைக் கழுவும் இடம் அல்ல. பெரும்பாலான இடங்களில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். துண்டை நீரில் நனைக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. கூச்சமாக இருந்தால், கால் மட்டும் நனைக்கும் அஷியு குளங்கள் பல ஊர்களில் உண்டு.

பச்சை குத்தியிருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஹியோகோ மாநிலத்தின் கினோசாக்கி ஊரில் உள்ள ஏழு பொதுக் குளியல் நிலையங்களும் அனுமதிக்கின்றன. அந்த ஊரில் யுகாத்தா அணிந்து, மரச்செருப்பு சத்தமிட, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவதே ஒரு சுகம். கிராமத்து ஒன்சென் ஊர்களில் இரவானால் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். அந்த அமைதியைத் தேடித்தானே போகிறீர்கள்? அதைக் கலைக்காமல் திரும்புங்கள்.

பூன் லேயிலிருந்து எப்படிப் போவது?

கிழக்கு மேற்கு ரயிலில் ஏறி ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கு தெற்குப் பாதையில் பத்தாவது நிறுத்தம் கேன்பரா. அதன் பிறகு நடக்கலாம், அல்லது கம்பாஸ் அவென்யூ வழியாகப் போகும் பேருந்தில் ஏறலாம். பூங்கா காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். வார இறுதியில் கூட்டம் கூடும். அமைதி வேண்டுமென்றால் வார நாளில் காலையிலேயே போங்கள். வெயில் ஏறிய பிறகு வெந்நீரில் கால் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

பக்கத்துப் படியில் ஏதாவதொரு சீனப் பாட்டியோ மலாய் மாமாவோ சொந்த வாளியோடு உட்கார்ந்திருக்கலாம். பேச்சுக் கொடுங்கள். எத்தனை வருஷமாக வருகிறீர்கள் என்று கேளுங்கள். வேலி போட்ட அந்தப் பழைய பாதையில் நடந்து வந்தவராகக்கூட இருக்கலாம். நாம் இன்று இலவசமாகக் கால் நனைப்பதற்கு அவரும் ஒரு காரணம்.