மாவுக்கட்டிலிருந்து மாத்திரைக்கு: முதுகெலும்புக் காசநோயும் மும்பையும்

தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, "எடு" என்று குழந்தையிடம் சொல்வது எலும்பு மருத்துவர்களின் பழைய சோதனை. நலமான குழந்தை இடுப்பை வளைத்துச் சட்டென்று எடுத்துவிடும். முள்ளெலும்பில் காசநோய் புகுந்த குழந்தையோ முதுகை மரக்கட்டைபோல நிமிர்த்தியபடி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலை மடக்கிக் குந்தித்தான் எடுக்கும். நோயுற்ற இடம் அசைந்தால் வலிக்கும் என்பதால் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்கின்றன. தூக்கத்தில் அந்த இறுக்கம் தளரும். புரண்டு படுக்கும்போது குழந்தை அலறிக்கொண்டு எழும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரிவதற்கு முன்பே அசைவு காட்டிக்கொடுத்துவிடும் நோய் இது. ஆனாலும் சுளுக்கு என்றும் வாயுப்பிடிப்பு என்றும் எண்ணித் தைலம் தேய்ப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடுவதுண்டு.

முள்ளெலும்புகள் எல்லாம் ஒரே மாதிரி அசைவதில்லை. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று மேலே உள்ள 24 எலும்புகள்தான் தனித்தனியாக அசைபவை. அதற்குக் கீழே உள்ளவை வளர்ந்தவர்களிடம் ஒட்டிப்போனவை. மார்புப் பகுதியை விலா எலும்புகள் கட்டிப்போட்டிருக்கின்றன. இடுப்புப் பகுதி முன்னும் பின்னும் தாராளமாக வளையும். ஆனால் அங்குள்ள சிறு மூட்டுகளின் அமைப்பு பக்கவாட்டில் திரும்ப அதிகம் இடம்கொடாது. விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் இடம் மார்பின் 12ஆம் எலும்பும் இடுப்பின் முதல் எலும்பும் சேருமிடம். காசநோய் அதிகம் குடியேறுவதும் இந்த வட்டாரத்தில்தான்.

கிருமி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தம் வழியாக வருகிறது. ஒரே இரத்தக்குழாய் கிளைபிரிந்து அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளின் விளிம்புகளுக்கும் போவதால், நோய் இரண்டையும் ஒருசேரப் பிடிக்கிறது. நடுவிலுள்ள டிஸ்க் ஊட்டமிழந்து சுருங்குகிறது. உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது எலும்பின் முன்பகுதி. அது அரித்துப்போய்ப் பின்பகுதி மட்டும் நிற்கும்போது எலும்பு ஆப்பு வடிவில் நசுங்குகிறது. கூன் விழுவது இப்படித்தான். மார்புப் பகுதியில் உடலின் எடை முள்ளெலும்புகளுக்கு முன்னால் விழுவதால், வளைந்தது மேலும் வளையும். தண்டுவடம் செல்லும் குழலும் அங்கே குறுகல். சீழும் எலும்புத் துணுக்கும் சேர்ந்து அழுத்தினால் கால்கள் செயலிழக்கும்.

லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் கூனையும் கால் செயலிழப்பையும் சேர்த்து விவரித்தார். காரணம் அவருக்குத் தெரியாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல். கிருமி தெரிந்தும் அதைக் கொல்ல மருந்து இல்லாததால், அசையாமல் வைப்பதே சிகிச்சையாக இருந்தது: மாவுக்கட்டு, மாவுக்கட்டாலேயே செய்த படுக்கை, வெயிலும் காற்றும் வரும் சானடோரியம். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் குழந்தைகள் மல்லாந்து கிடந்தார்கள். 1911இல் நியூயார்க்கில் ஆல்பியும் ஹிப்ஸும் தனித்தனியே முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையைத் தொடங்கினார்கள். அதுவும் அசைவை நிறுத்தும் வேலைதான்.

வெயிலும் காற்றும் மருந்து என்ற நம்பிக்கை மும்பையில் கட்டடச் சட்டமாகவே மாறியது. 1896இன் பிளேக்குக்குப் பிறகு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. அதன் தலைவர் ஜே.பி. ஆர் 1912இல் குடியிருப்புகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி விரிவாகவே பேசினார். டிரஸ்டின் விதி 63½ பாகைக் கோணத்தை அடிப்படையாகக் கொண்டது: எதிர்க் கட்டடம், இடையிலுள்ள வெற்றிடத்தின் அகலத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு மேல் உயரக் கூடாது. தமிழ் நடுத்தர வர்க்கம் பின்னாளில் குடியேறிய மாதுங்கா டிரஸ்டின் திட்டப்படி உருவான பகுதி. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் தாராவியை எந்தக் கோணமும் எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம்.

காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு அறுவை மருத்துவர்களுக்குத் துணிச்சல் வந்தது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்பக்கமாகச் சென்று, அரித்த எலும்பை முழுதும் நீக்கி, வேறு எலும்பை வைத்து இணைத்த முறையை 1956இல் வெளியிட்டார்கள். உலகம் வியந்தது. ஆனால் அவ்வளவு பெரிய அறுவைக்கு மருத்துவமனையும் மயக்க மருந்து நிபுணரும் எத்தனை ஊரில் இருந்தார்கள்?

அதே 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. நுரையீரல் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் சானடோரியத்தில் கிடப்பவர்களுக்கு இணையாகக் குணமாகிறார்கள் என்று அம்மையம் 1959இல் காட்டியது. முதுகெலும்புக்கு இது பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி. கொரியாவில் நடந்த ஆய்வுகள் 1973இல் பதில் சொல்லின: முறையாக மருந்து சாப்பிட்டவர்களுக்குப் படுக்கை ஓய்வாலும் கூடுதல் பயன் இல்லை, மாவுக்கட்டு ஜாக்கெட்டாலும் இல்லை. நூறாண்டுப் படுக்கை வைத்தியம் அத்தோடு ஆட்டங்கண்டது. வாரணாசியில் எஸ்.எம். துலி, எல்லோருக்கும் மருந்து, தேவைப்படுவோருக்கு மட்டும் கத்தி என்ற நடுவழியை 1975இல் முன்வைத்தார். சென்னையிலும் 1970களின் நடுவில் நேரடி ஒப்பீடு தொடங்கியது: நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து எடுத்தவர்கள் ஒரு பக்கம், ஹாங்காங் முறை அறுவையோடு ஆறு மாத மருந்து எடுத்தவர்கள் இன்னொரு பக்கம். பத்தாண்டுக் கணக்கு 1999இல் வெளிவந்தபோது எல்லாப் பிரிவிலும் பத்தில் ஒன்பது பேராவது நலமாக இருந்தார்கள். நோயாளி நடக்கலாம் என்பது உறுதியானது.

ஒரு விதிவிலக்கு இருந்தது. கிருமி செத்த பிறகும் சில குழந்தைகளின் கூன் ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. வேறு சிலருக்கு வளர வளரத் தானே குறைந்தது. டி.கே. சண்முகசுந்தரமும் எஸ். ராஜசேகரனும் 1987இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டிருந்தார்கள்: தொடக்கத்தில் எத்தனை முள்ளெலும்பின் அளவு அரித்துப்போனதோ அதை 30.5ஆல் பெருக்கி 5.5ஐக் கூட்டினால் கடைசியில் நிற்கும் கூனின் பாகை கிடைக்கும். ஒன்றரை எலும்பு போனால் ஏறத்தாழ 51 பாகை. வளரும் குழந்தைகளை இது மட்டும் கொண்டு கணிக்க முடியாது. சென்னை ஆய்வின் குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ராஜசேகரன், கோவை கங்கா மருத்துவமனையிலிருந்து 2001இல் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களைச் சொன்னார். பின்புற மூட்டுகள் விலகுவது அவற்றில் ஒன்று. இரண்டுக்கு மேல் தெரிந்தால் கூன் முற்றுமுன்பே அறுவை செய்துவிட வேண்டும். இந்தியாவிலிருந்து உலக முதுகெலும்பு மருத்துவத்துக்குப் போன பங்களிப்புகளில் இதற்கு முதல் வரிசை இடம் தரலாம்.

மும்பையில் கதை வேறு திசைக்குப் போனது. தாராவியை ஒட்டிய மாஹிமில், இந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியாவும் சகாக்களும் சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத நான்கு காசநோயாளிகளைப் பற்றி 2011 இறுதியில் எழுதினார்கள். 'எல்லா மருந்தையும் எதிர்க்கும் காசநோய்' என்று அவர்கள் சூட்டிய பெயரை அரசு ஏற்கவில்லை. மருந்துக்கு மசியாமை மட்டும் போகவில்லை. மும்பை மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று மருந்து எதிர்ப்புள்ள முதுகெலும்புக் காசநோயாளிகள் 111 பேரை ஆராய்ந்தது. முள்ளெலும்பில் கிருமிகள் குறைவு. சளியைத் துப்பிக் கொடுப்பதுபோல மாதிரி கிடைக்காது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கித் துணுக்கு எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வழக்கமான மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எலும்பு கரைந்துகொண்டே போகும்.

செம்பூரை ஒட்டிய எம்-கிழக்கு வார்டில், குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய மூன்று குடியிருப்புகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் லல்லுபாய், நட்வர் பாரேக் காம்பவுண்டுகளில் காசநோய் கூடுதலாக இருந்தது. இடைவெளி விட்டுக் கட்டிய பி.எம்.ஜி. காலனியில் குறைவு. வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி ஜே.பி. ஆர் பேசி நூறாண்டு ஆன பின்பும் இந்த நிலைதான்.

மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஆறே மாதத்தில் முடியும் புதிய மருந்துக் கூட்டை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்தியா 2024இல் ஒப்புதல் அளித்தது. எலும்பு, மூட்டுக் காசநோய்க்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. மருந்துக்கு மசியாத கிருமி முதுகெலும்பில் தங்கிவிட்டவர்களுக்கு இன்னமும் 18 மாதமோ அதற்கு மேலோ நீளும் பழைய சிகிச்சைதான்.